பிற்பகல் 2.56: மில்ஃபோர்டு பள்ளியில் ஒரு வேதாகம வகுப்பு

ஆய்வின் பொருள்

அமெரிக்க அரசுப் பள்ளியில் கடைசி மணி அடித்ததும், அதே கட்டடத்துக்குள், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுவிசேஷ கிறிஸ்தவப் போதனை நடத்தலாமா? இந்தக் கேள்வி அங்கே ஏதாவது ஓர் ஊரில் அடிக்கடி எழுந்து பெற்றோரை இரண்டாகப் பிரிக்கிறது. கூட்டத்தில் குரல் உயர்கிறது, வக்கீல் நோட்டீஸ் வருகிறது. கடைசியில் யாராவது ஒருவர் 2001 ஜூன் 11 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார். பெரும்பாலும் பள்ளி நிர்வாகம் அத்துடன் இறங்கி வந்துவிடுகிறது.

குட் நியூஸ் கிளப் என்ற பிள்ளைகளுக்கான வேதாகமக் கிளப்புக்கு இடம் மறுத்த மில்ஃபோர்டு பள்ளிக்கு எதிராக வந்த தீர்ப்பு அது. அதற்கு இட்டுச் சென்ற நிகழ்வுகளை வரிசையாகப் பதிவு செய்வதே இங்கு நோக்கம். விவரங்கள் நீதிமன்றப் பதிவுகளில் உள்ளவை. வழக்குத் தொடுத்த குடும்பத்தின் பெயரும் பள்ளி அதிகாரியின் பெயரும் நமக்குத் தேவையில்லை. நீதிபதிகளை மட்டும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறேன்.

பள்ளி தோற்றதற்கு மத விரோதப் போக்கே காரணம் என்று ஒரு சாரார் சொல்வார்கள். நீதிபதிகளின் மதச் சாய்வே காரணம் என்று மறு சாரார் சொல்வார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு, எந்த அரசு அலுவலகமும் வெல்ல முடியாத வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பள்ளி நான்கு ஆண்டுக்கு மேல் வழக்காடியது. பதிவுகளில் எனக்குத் தெரிவது இதுதான்.

பின்னணி

மில்ஃபோர்டு, நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில் ஒட்சீகோ கவுண்ட்டியில் இருக்கும் சிற்றூர். மழலையர் வகுப்பிலிருந்து 12ஆம் வகுப்புவரை எல்லாம் ஒரே பள்ளியில். இத்தகைய ஊர்களில் நாலு பேர் கூடுவதற்குப் பள்ளியை விட்டால் பெரிய இடம் கிடையாது. அதனால் பள்ளி நேரம் முடிந்த பிறகு கட்டடத்தை ஊராருக்குத் தருவது அமெரிக்காவில் பழைய வழக்கம். எந்தெந்தக் காரியங்களுக்குத் தரலாம் என்று நியூயார்க் மாநிலக் கல்விச் சட்டத்தின் 414ஆம் பிரிவு ஒரு பட்டியலே வைத்திருந்தது.

மில்ஃபோர்டு கல்வி வாரியம் 1992இல் அந்தப் பட்டியலிலிருந்து ஏழு காரியங்களை எடுத்துத் தன் விதியாக்கிக்கொண்டது. இந்த வழக்குக்கு வேண்டியவை இரண்டு. கல்வி, கலை சார்ந்த எந்தத் துறையிலும் பயிற்சி தரலாம். ஊர் நலனுக்கான சமூகக் கூட்டங்கள், பொழுதுபோக்குகள் நடத்தலாம், அவை எல்லோருக்கும் திறந்தவையாக இருக்க வேண்டும். இவற்றோடு ஒரு தடையும் இருந்தது: மத நோக்கங்களுக்குக் கட்டடம் கிடையாது. விதி இவ்வளவுதான். எத்தனை மணிக்குப் பிறகு, எந்த வயதுப் பிள்ளைகளுக்கு, எந்த வகுப்பறையில் என்பது வழக்கில் பேசப்பட்ட விதி வாசகங்களில் எங்கும் இல்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் வித்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

சட்டத்தின் நிலையையும் சொல்லியாக வேண்டும். பள்ளி நேரத்துக்குள், பள்ளிக் கட்டடத்தில் மத வகுப்பு கூடாது என்று இலினாய் மாநிலத்து வழக்கொன்றில் 1948இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1962இல், ஆசிரியர் முன்னிலையில் வகுப்பாகச் சேர்ந்து சொல்லும் அரசு எழுதிய ஜெபத்தையும் நிறுத்தியது. ஆனால் பள்ளி நேரத்துக்கு வெளியே காற்று வேறு திசையில் வீசத் தொடங்கியிருந்தது. 1981இல் பல்கலைக்கழகத்தில் மாணவர் மதக் குழுக்களுக்கு இடம் தர மறுக்கக் கூடாது என்றார்கள். 1990இல் அதையே உயர்நிலைப் பள்ளிக்கும் நீட்டினார்கள். 1993இல் நியூயார்க் மாநிலத்திலேயே ஒரு சபை, பிள்ளை வளர்ப்பு பற்றிய கிறிஸ்தவப் படத் தொடரை மாலை வேளையில் பள்ளியில் திரையிடக் கேட்டது. மறுத்தது தவறு என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். மிச்சம் இருந்தது ஒரே இடம்: சின்னப் பிள்ளைகள், மணி அடித்த கையோடு.

அந்த இடத்தில்தான் குட் நியூஸ் கிளப் வந்து நின்றது. இந்தக் கிளப்புகளின் தாய் அமைப்பு சைல்ட் எவாஞ்சலிசம் ஃபெலோஷிப். 1937இல் ஜெசி ஓவர்ஹோல்ட்சர் தொடங்கியது. மிசௌரி மாநிலம் வாரன்டன் நகரில் தலைமையகம். பல காலம் வீடுகளிலும் சபைகளிலும் கூடியவைதான் இந்தக் கிளப்புகள். மே மாத விடுமுறையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியைப் பார்த்தவர்களுக்கு முறை புதிதாகத் தெரியாது: பாட்டு, விளையாட்டு, கதை, வசனம் ஒப்புவித்தால் மிட்டாய். இந்த அமைப்பு பெரிதும் பரப்பிய ‘வார்த்தையற்ற புத்தகம்’ என்ற கருவிக்குத் தமிழ்நாட்டோடும் ஓர் உறவு உண்டு. எழுத்தே இல்லாமல் நிறங்களால் மட்டும் பாவம், இரத்தம், மீட்பு, பரலோகம் என்று சொல்லிப்போகும் பக்கங்கள் அவை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஸ்பர்ஜன் என்ற போதகர் தொடங்கிய அந்த நிற வரிசையைத் துணிக் கொடியாகத் தைத்து, வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தவர், பிற்பாடு திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்த ஏமி கார்மைக்கேல். பாவத்துக்குக் கறுப்பு என்ற அந்த நிறத் தேர்வு இன்று அமெரிக்காவிலேயே பல பெற்றோரை உறுத்துகிறது. மில்ஃபோர்டு வழக்கு ஆனால் அதைப் பற்றியது இல்லை.

விண்ணப்பமும் மறுப்பும்: 1996 செப்டம்பர் முதல் 1997 பிப்ரவரி வரை

மில்ஃபோர்டில் ஒரு போதகரும் அவர் மனைவியும் குட் நியூஸ் கிளப் ஒன்றை நடத்திவந்தார்கள். அதே பள்ளி எல்லைக்குள் குடியிருப்பவர்கள் என்பதால் கட்டடத்தைக் கேட்க அவர்களுக்கு உரிமை இருந்தது. 1996 செப்டம்பரில் விண்ணப்பித்தார்கள். வாரம் ஒரு முறை, பள்ளி விட்டதும், பள்ளி உணவுக்கூடத்தில் கிளப் கூட வேண்டும் என்பது கோரிக்கை. பாட்டுப் பாடி, வேதப் பாடம் கேட்டு, வசனம் மனப்பாடம் செய்து பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழிப்பார்கள் என்று எழுதியிருந்தார்கள். எதையும் மறைக்கவில்லை. இந்த வழக்கில் கிளப்பின் பக்கம் நான் மதிக்கும் அம்சம் அது.

தற்காலிகப் பொறுப்பில் இருந்த பள்ளிக் கண்காணிப்பாளர் அடுத்த மாதமே மறுத்தார். இது வழிபாட்டுக்குச் சமம், விதி இடம் தராது என்றார். கிளப்பின் வக்கீல் கடிதம் எழுத, பள்ளியின் வக்கீல், கூட்டத்தில் சரியாக என்னதான் நடக்கும் என்று திருப்பிக் கேட்டார். கிளப் தன் பாடப் பொருள்களையே அனுப்பிவைத்தது. கண்காணிப்பாளரும் வக்கீலும் உட்கார்ந்து படித்தார்கள். குணநலன், ஒழுக்கம் போன்ற பொதுப் பொருள்களை மதக் கண்ணோட்டத்தில் பேசுவது வேறு, மதப் போதனை வேறு. இது இரண்டாவது வகை என்று முடிவு கட்டினார்கள். 1997 பிப்ரவரியில் கல்வி வாரியம் தீர்மானம் போட்டு விண்ணப்பத்தை நிராகரித்தது.

வாரியத்தின் கவலையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 1948 தீர்ப்பை அறிந்த எந்தக் கல்வி அதிகாரிக்கும், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்குள்ளேயே போதனை என்றதும் நெஞ்சு திடுக்கிடும். மத நோக்கம் கூடாது என்று மாநிலச் சட்டத்தை ஒட்டிய விதியும் கையில் இருந்தது. ஆனால் மறுப்புக்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். பிள்ளைகளின் வயதைச் சொல்லவில்லை. நேரத்தைச் சொல்லவில்லை. பாடத்தின் உள்ளடக்கத்தைப் படித்து, இது ஒழுக்கப் பாடம் இல்லை, மதம்தான் என்று வகை பிரித்தார்கள். இந்த வகை பிரிக்கும் வேலையை அரசு அதிகாரி கையில் எடுத்த கணத்திலிருந்து, இது பேச்சுரிமை வழக்காகிவிட்டது. அதே கட்டடத்தில் பாய் ஸ்கௌட்டுகள், கேர்ள் ஸ்கௌட்டுகள், 4-எச் என்ற சிறுவர் கிளப் ஆகியவை கூடிக்கொண்டிருந்தன. பாய் ஸ்கௌட் உறுதிமொழியிலேயே கடவுளுக்கான கடமை வருகிறது. அங்கே பிரிக்காத கோட்டை இங்கே மட்டும் எப்படிப் பிரித்தீர்கள் என்ற கேள்வி வந்தே தீரும்.

கூட்டத்தில் நடந்தது

1997 மார்ச்சில் கிளப்பும் போதகரின் மனைவியும் மகளும் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். ஏப்ரல் 14 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது: வழக்கு முடியும்வரை கிளப் கூடலாம். அப்படி 1997 ஏப்ரல் முதல் 1998 ஜூன் வரை பள்ளிக்குள் கூட்டம் நடந்தது. உணவுக்கூடத்தில் அல்ல, உயர்நிலை மாணவர்களும் நடுநிலைச் சிறப்புக் கல்வி மாணவர்களும் பயன்படுத்தும் ஓர் அறையில். ஆக, வெறும் கற்பனையை வைத்து வாதாட வேண்டிய நிலை யாருக்கும் இல்லை. ஓராண்டுக்கு மேல் நடந்த ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்க முடியும்.

கிளப்பே தந்த விவரிப்பின்படி ஒரு கூட்டம் இப்படிப் போகும். போதகரின் மனைவி வருகைப் பதிவு எடுப்பார். பெயர் கூப்பிட்டதும் பிள்ளை ஒரு வசனம் ஒப்புவித்தால் தின்பண்டம் உண்டு. பாட்டு. பிறகு வசனங்களைக் கற்றுக்கொள்ளும் விளையாட்டுகள். பிறகு ஒரு வேதக் கதை, அது பிள்ளைகளின் வாழ்க்கைக்கு எப்படிப் பொருந்துகிறது என்ற விளக்கம். ஜெபம். கடைசியில் தின்பண்டமும் அடுத்த வாரம் மனப்பாடம் செய்ய வேண்டிய வசனமும்.

இந்த விவரிப்பில் இல்லாத ஒன்று பாடக் குறிப்புகளில் இருந்தது. கதை முடிந்ததும் இரண்டு கட்டங்கள் வரும். ஏற்கெனவே இயேசுவை ஏற்றுக்கொண்ட, அதாவது ‘இரட்சிக்கப்பட்ட’ பிள்ளைகளுக்கு ஓர் அறைகூவல்: கீழ்ப்படியப் பலம் தரும்படி தேவனிடம் கேளுங்கள், வாழ்க்கையில் அவருக்கு முதலிடம் கொடுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு ஓர் அழைப்பு: தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இயேசுவை இரட்சகராக ஏற்க விரும்புகிறவர்கள் கையைத் தூக்கிக் காட்டுங்கள், கை தூக்கியவர்கள் என்னிடம் வாருங்கள், நித்திய ஜீவனைப் பெறுவது எப்படி என்று வேத வசனத்திலிருந்து காட்டுகிறேன்.

எழுப்புதல் கூட்டங்களில் இதைப் பார்த்திருக்கிறோம். அங்கே நிற்பவர் பெரியவர், தானாக வந்தவர். இங்கே சில நிமிடங்களுக்கு முன்வரை அதே கட்டடத்தில், அதே வயதில், ‘கையைத் தூக்கு’ என்று ஆசிரியை சொன்னால் தூக்கியாக வேண்டிய மாணவர்கள். பெரும்பான்மைத் தீர்ப்பில் இந்தப் பகுதிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் குறை.

நேரத்துக்கும் இடத்துக்கும் வருவோம். பள்ளி விடுவது பிற்பகல் 2.56. கிளப் கேட்டது செவ்வாய்க்கிழமைகளில் 2.30 முதல், சரியாக 3 மணிக்குப் பாடம் தொடங்க வசதியாக. முந்தைய வகுப்பு கலைந்து அறை காலியாகும்வரை காத்திருந்துதான் தொடங்க முடிந்தது. பக்கத்தில் இருந்தவை மூன்றாம், நான்காம் வகுப்பு அறைகள். சபைக் கட்டடத்தில் கூடியபோது வந்த பிள்ளைகள் எட்டு அல்லது பத்துப் பேர். பள்ளிக்கு மாறியதும் அது மூன்று மடங்கானது.

கிளப்பை ஆதரிப்பவர்கள் இதற்குச் சொல்லும் விடை எளியது: பிள்ளைகளை ஏற்றிச் சுமந்து போக வேண்டிய தொல்லை போய்விட்டது, அதனால் கூடியது. அதுவும் உண்மையாகவே இருக்கலாம். வசதியால் வந்தவர்கள் எத்தனை பேர், பள்ளியே நடத்துகிறது என்று எண்ணி வந்தவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துப் பார்க்கும் சாட்சியம் எதுவும் நீதிபதிகள் முன் வைக்கப்படவில்லை.

கீழ் நீதிமன்றங்கள்

1998 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம் இடைக்கால உத்தரவை ரத்து செய்து, பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வேறெந்த மதப் போதனைக்கும் பள்ளி இடம் தந்ததில்லை, எனவே இது பாகுபாடு இல்லை என்பது காரணம். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றாமல் ஆவணங்களை மட்டும் பார்த்துத் தரும் சுருக்கத் தீர்ப்பு இது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2000இல் இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் பிளவுபட்ட அமர்வில் அதையே உறுதிப்படுத்தியது. கிளப் சொல்லித்தருவது அடி முதல் நுனி வரை மதம், வெறும் ஒழுக்கப் பாடம் இல்லை என்றது.

பள்ளி இரண்டு முறை வென்றது. வென்ற இரண்டு முறையும் அதே வகை பிரிக்கும் வாதத்தில்தான் வென்றது. பிள்ளைகளின் மனதில் இது அரசே ஆதரிக்கும் மதமாகப் பதிகிறதா என்ற கேள்வியை இரண்டு நீதிமன்றங்களும் தொடவேயில்லை. தொடத் தேவை இருக்கவில்லை. வென்றுகொண்டிருக்கும் கட்சிக்காரர் தன் வாதத்தை ஏன் மாற்றப்போகிறார்? ஆனால் இதே போன்ற கிளப் வழக்கில் எட்டாம் வட்ட நீதிமன்றம் 1994இல் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. நீதிமன்றங்கள் இப்படி முரண்பட்டால் உச்ச நீதிமன்றம் கூப்பிட்டு அனுப்பும் என்பது வக்கீல்களுக்குத் தெரியும்.

உச்ச நீதிமன்றம்: 2001

பிப்ரவரி 28 அன்று வாதம். ஜூன் 11 அன்று தீர்ப்பு, ஆறுக்கு மூன்று. பெரும்பான்மைக்காக எழுதியவர் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ்.

ஒழுக்கத்தையும் குணத்தையும் கற்பிக்கப் பள்ளி இடம் தருகிறது. ஸ்கௌட்டுகள் அதைக் குழு உணர்வு, பற்றுறுதி, தேசப்பற்று வழியாகக் கற்பிக்கிறார்கள். கிளப் கிறிஸ்தவத்தின் வழியாகக் கற்பிக்கிறது. இரண்டுக்கும் தர்க்க ரீதியாக வேறுபாடு இல்லை. கண்ணோட்டத்தைக் காரணம் காட்டி ஒருவரை மட்டும் வெளியே நிறுத்துவது பேச்சுரிமை மீறல். முதல் பகுதி இத்துடன் முடிகிறது. 1993 தீர்ப்பிலிருந்து நேராக வருவதுதான்.

அடுத்து, கீழே யாரும் தீர்மானிக்காத கேள்வியை உச்ச நீதிமன்றம் தானே எடுத்துத் தீர்மானித்தது. அரசு ஒரு மதத்தை ஆதரிப்பதாக ஆகாதா? ஆகாது என்றார் தாமஸ். கூட்டம் பள்ளி நேரத்துக்குப் பிறகு. நடத்துபவர்கள் பள்ளி ஆசிரியர்கள் இல்லை. அறை தொடக்கப் பள்ளி வகுப்பறை இல்லை. 6 முதல் 12 வரை கலந்த வயது என்பதால் வழக்கமான வகுப்பு போலவும் தோன்றாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெற்றோர் அனுமதி இல்லாமல் எந்தப் பிள்ளையும் சேர முடியாது. ஆகவே வற்புறுத்தல் உண்டா என்று பார்க்க வேண்டியது பெற்றோரை வைத்து, பிள்ளைகளை வைத்து அல்ல. பள்ளி விட்ட பின் சின்னப் பிள்ளைகள் அறை வாசல்களில் சுற்றித் திரிய விடப்படுகிறார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்றும் எழுதினார்.

மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி டேவிட் சௌட்டர், நீதிபதி கின்ஸ்பர்க்கும் சேர, அதே ஆவணங்களைப் படித்து நேர் எதிராகச் சொன்னார். 2.56க்கும் 3க்கும் இடையில் நான்கு நிமிடம்தான். சட்டப்படி பள்ளிக்கு வந்தே ஆக வேண்டிய பிள்ளைகள் அந்நேரம் கட்டடத்துக்குள்தான் இருப்பார்கள். பள்ளியில் கூடுவதாகப் பதிவில் உள்ள வெளி அமைப்புகள் நான்கே. மணி அடித்ததும் தொடங்குவது இது ஒன்றாகத்தான் தெரிகிறது. பள்ளி நாளோடு ஒட்டியிருப்பதுதான் இந்த இடத்தைக் கேட்டதன் நோக்கமே. நடப்பது ஒரு பொருளைக் கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் அலசுவது இல்லை, பிள்ளைகளை மனமாற்றத்துக்கு அழைக்கும் சுவிசேஷ ஆராதனை. தனியாக மாறுபட்ட நீதிபதி ஸ்டீவன்ஸ், மதம் பற்றிய பேச்சு, வழிபாடு, ஆள் சேர்ப்பு என மூன்றாகப் பிரித்தார். அரசியலைப் பற்றிப் பேச இடம் தரும் பள்ளி கட்சிக்கு உறுப்பினர் சேர்க்க இடம் தர வேண்டியதில்லை அல்லவா என்று கேட்டார். அழகான கேள்வி. ஆனால் மறுபடியும் வகை பிரிக்கும் கேள்விதான்.

என் பார்வையில் அன்று எழுதப்பட்டவற்றுள் மிகப் பயனுள்ளது நீதிபதி ஸ்டீபன் பிரையர் எழுதிய சிறு தனிக் கருத்து. பெரும்பான்மையோடு பெரும்பாலும் சேர்ந்தவர் அவர். ஒரு பிள்ளையின் மனதில் இது அரசு ஒப்புதலாகத் தோன்றுமா என்பது முக்கியம்தான். நாளின் எந்த நேரம், பிள்ளைகளின் வயது என்ன, கூட்டம் எத்தகையது என்பனவெல்லாம் அதற்கு வேண்டும். பதிவில் அந்த விவரங்கள் போதுமான அளவு இல்லை. பள்ளிக்குத் தந்த சுருக்கத் தீர்ப்பு செல்லாது என்பதற்கு மேல் இதில் எதுவும் தீரவில்லை என்பது அவர் நிலை. வாசலில் பிள்ளைகள் நின்றார்களா இல்லையா என்று இரண்டு நீதிபதிகள் ஒரே காகிதங்களிலிருந்து எதிரெதிர் முடிவுக்கு வந்ததே அவர் சொன்னதற்குச் சாட்சி. ஓராண்டுக்கு மேல் நடந்த கூட்டத்தில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்று என்ன புரிந்துகொண்டது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

பின்னர் நடந்தவை

தாமஸ் ஊன்றிய தூண்களில் ஒன்று மூன்றே ஆண்டில் சரிந்தது. நடத்துபவர்கள் பள்ளி ஆசிரியர்கள் இல்லை என்றார் அல்லவா? தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர், பள்ளி விட்டதும் கிளப்பில் கலந்துகொள்ளத் தனக்கும் உரிமை உண்டு என்று வழக்குப் போட்டார். தான் வேலை பார்க்கும் பள்ளியிலேயே கலந்துகொள்ளலாம் என்று எட்டாம் வட்ட நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. மணி அடிக்கும்வரை அரசு ஊழியர், அடித்தபின் தனி மனிதர். சட்டத்துக்கு இது புரிகிறது. இரண்டாம் வகுப்பு மாணவிக்கு அவர் இரண்டு வேளையும் ‘டீச்சர்’தான்.

துண்டறிக்கை வழக்குகள் அடுத்து வந்தன. மற்ற அமைப்புகளின் அறிவிப்புகளைப் பிள்ளைகள் வழியாக வீட்டுக்கு அனுப்பும் பள்ளி, கிளப்பின் அறிவிப்பை மட்டும் ஒதுக்கக் கூடாது என்று நியூ ஜெர்சி வழக்கில் 2004இலும் மேரிலாந்து வழக்கில் 2006இலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லின.

அதே கதவு வழியாக மற்றவர்களும் வந்தார்கள். சாட்டானிக் டெம்பிள் என்ற அமைப்பு 2016இல் ‘ஆஃப்டர் ஸ்கூல் சாத்தான் கிளப்’ என்று அறிவித்தது. சாத்தானை வணங்கும் கூட்டம் இல்லை அது. அறிவியலும் தர்க்கமும் சொல்லித்தருவதாகக் கூறிக்கொண்டு, மதக் கிளப் ஏற்கெனவே இயங்கும் பள்ளிகளை மட்டும் தேடிப்போகிறது. பென்சில்வேனியாவில் ஒரு பள்ளி மாவட்டம் முதலில் அனுமதித்து, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. 2023இல் கூட்டாட்சி நீதிபதி கிளப்பின் பக்கம் நின்றார். வக்கீல் செலவாக 2,00,000 டாலர் தந்து மாவட்டம் சமரசம் செய்துகொண்டது. 2001இல் மகிழ்ந்தவர்களில் பலர் இப்போது கல்வி வாரியக் கூட்டங்களில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பதைக் காணலாம்.

அமெரிக்காவில் வார இறுதியில் பள்ளிக் கட்டடங்களை வாடகைக்கு எடுத்து நடக்கும் பால விகார் எனும் பிள்ளைகளுக்கான இந்து சமய வகுப்புகளுக்கும் இந்தத் தீர்ப்பு ஒரு பாதுகாப்பு. மில்ஃபோர்டு வென்றிருந்தால், சுலோகம் சொல்லித்தருவது பண்பாடா வழிபாடா என்று தீர்மானிக்கும் வேலையும் ஒரு கண்காணிப்பாளரிடம் போயிருக்கும். கிளப்பை எதிர்க்கும் நம்மவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வேறு விதமாகச் செய்யக் கூடியவை

முதலில் நேரம். 1996இல் மறுப்புக் கடிதம் எழுதுவதற்கு முன்னால், 1992இல் விதி எழுதும்போதே, வெளி அமைப்புகள் எதுவானாலும் மாலை இத்தனை மணிக்குப் பிறகுதான் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். அந்த வரி மதத்தைப் பார்ப்பதில்லை, கண்ணோட்டத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளை வீட்டுக்குப் போய், பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வரும்போது, பள்ளி நாள் முடிந்துவிட்டது என்பது அதற்கே தெரியும். இதற்கு விலை உண்டு. ஸ்கௌட்டுகளும் தள்ளிப்போவார்கள். மூன்று மணிக்குப் பிள்ளையை அழைக்க வர முடியாத, வேலைக்குப் போகும் தாய் தந்தையருக்கு இலவசமாகக் கிடைத்த ஒரு ஏற்பாடு பறிபோகும். அந்த விலையைக் கொடுக்க மனமில்லாத ஊர், கதவைத் திறந்துவைத்துவிட்டு வருகிறவரின் நம்பிக்கையைச் சோதிக்கக் கூடாது.

வழக்கு வந்தபின்னாவது சாட்சியம் சேர்த்திருக்க வேண்டும். 14 மாதம் கூட்டம் நடந்தது. எத்தனை பிள்ளைகள் வாசலில் நின்றார்கள், வராத பிள்ளைகளிடம் வந்த பிள்ளைகள் என்ன சொன்னார்கள், நடத்துபவரைப் பள்ளி ஊழியர் என்று எத்தனை பிள்ளைகள் நினைத்தார்கள் என்பதையெல்லாம் ஆசிரியர்கள் குறித்துவைத்திருக்க முடியும். சௌட்டர் தேடியதும் பிரையர் கேட்டதும் இதைத்தான்.

அனுமதிச் சீட்டைப் பற்றிக் கிளப் நடத்துபவர்களுக்கும் ஒரு சொல். தீர்ப்பின் பாரம் முழுவதும் பெற்றோரின் கையெழுத்தில்தான் நிற்கிறது. இந்திய அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவும், அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் மைனர் பிள்ளை மதப் போதனையில் கலந்துகொள்ளக் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கையெழுத்துக்கு இவ்வளவு எடை என்றால், எதற்குக் கையெழுத்திடுகிறோம் என்பது அதில் இருக்க வேண்டும். ‘பாட்டு, விளையாட்டு, வேதக் கதை’ என்று மட்டும் எழுதினால் போதாது. கூட்டத்தில் பிள்ளை பாவியென்று சொல்லப்படும், கண்ணை மூடிக் கையைத் தூக்க அழைக்கப்படும், தூக்கினால் ஒரு பெரியவர் தனியே பேசுவார் என்று பெற்றோரின் தாய்மொழியில் அச்சிட வேண்டும். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து அறையில் உட்காரலாம் என்றும் சேர்க்க வேண்டும். இதைப் படித்தபின்னும் கையெழுத்திடும் பெற்றோர் நிறையவே இருப்பார்கள். அவர்களின் உரிமையில் தலையிடப் பள்ளிக்கும் அண்டை வீட்டாருக்கும் வேலையில்லை.